அமெரிக்காவில் ஓய்வு பெற்று ஊர் திரும்புவோருக்கு: மெடிகேரும் மருத்துவக் காப்பீடும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபது, முப்பது ஆண்டுகள் அமெரிக்காவில் வேலை பார்த்துவிட்டுச் சென்னையிலோ கோவையிலோ திருச்சியிலோ வந்து குடியேறும் ஓசிஐ அட்டைக்காரர்களையும் (அமெரிக்கக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர்) கிரீன் கார்டுக்காரர்களையும் மனத்தில் வைத்து இது எழுதப்பட்டிருக்கிறது. பிரிட்டன், சிங்கப்பூர், கனடா, வளைகுடாவிலிருந்து வருவோருக்கு எங்கே மாறும் என்பது பின்னால் தனியாக இருக்கிறது. டாலர் கணக்குகள் 2026ஆம் ஆண்டுக்கானவை.

மெடிகேர் இந்தியாவில் செல்லுமா?

செல்லாது. மெடிகேர் என்பது 65 வயதானோருக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடு. அமெரிக்காவின் 50 மாநிலங்கள், வாஷிங்டன் டி.சி., போர்ட்டோ ரிக்கோ, குவாம் போன்ற ஆட்சிப்பகுதிகள் ஆகியவற்றுக்குள்தான் அது செல்லுபடியாகும். கனடா, மெக்சிகோ எல்லையோரத்துக்குச் சில அபூர்வ விதிவிலக்குகள் உண்டு. நமக்கு அவை உதவாது.

"மெடிகேப் பாலிசியில் வெளிநாட்டு அவசரச் சிகிச்சை உண்டு என்றார்களே" என்று பலர் கேட்பார்கள். மெடிகேர் தராத பங்கை ஏற்கும் தனியார் பாலிசியான மெடிகேப்பின் சி, டி, எஃப், ஜி, எம், என் ஆகிய பிளான்களில் அது உண்மைதான். ஆனால் பயணம் தொடங்கி முதல் 60 நாளுக்குள் வரும் அவசரச் சிகிச்சைக்கு மட்டும். முதல் 250 டாலர் நம்முடையது, மீதியில் 80 விழுக்காடு அவர்களுடையது, வாழ்நாள் முழுவதற்கும் உச்சவரம்பு 50,000 டாலர். ஊருக்கு வந்து போகிறவருக்கான வசதி இது. குடியேறுகிறவர் இதை நம்பக் கூடாது.

தனியார் கம்பெனிகள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் எடுத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பிளானின் சேவைப் பகுதியை விட்டுத் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் பெரும்பாலான பிளான்கள் உங்களை நீக்கிவிடும். அரசே நேரடியாக நடத்தும் ஒரிஜினல் மெடிகேரில் அந்தச் சிக்கல் இல்லை.

அப்படியானால் பார்ட் ஏ, பார்ட் பி இரண்டையும் விட்டுவிடலாமா?

பார்ட் ஏ-யைத் தொட வேண்டாம். 40 காலாண்டுகள், அதாவது பத்து ஆண்டுகள், வரி கட்டி வேலை பார்த்தவருக்கு அது இலவசம். ஆஸ்பத்திரியில் படுத்தால் ஆகும் செலவுக்கு அது கைகொடுக்கும். வைத்திருப்பதால் ஒரு காசு செலவில்லை.

ஒரே ஓர் எச்சரிக்கை எச்எஸ்ஏ என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு. மெடிகேரில் சேர்ந்த மாதத்திலிருந்து எச்எஸ்ஏ-வில் பணம் போடக் கூடாது. 65 வயதைத் தாண்டிய பிறகு சேர்ந்தால் பார்ட் ஏ ஆறு மாதம் வரை முன்தேதியிட்டுத் தொடங்கும்; அதனால் சேர்வதற்கு ஆறு மாதம் முன்பே நிறுத்துங்கள். ஏற்கெனவே சேர்ந்துள்ள பணத்தைச் சென்னையில் கட்டும் ஆஸ்பத்திரி பில்லுக்கும் அமெரிக்க வரியில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். பில்லையும் ரசீதையும் ஸ்கேன் செய்து வையுங்கள்.

முடிவெடுக்க வேண்டியது டாக்டர் கட்டணம், வெளிநோயாளிச் சிகிச்சை ஆகியவற்றுக்கான பார்ட் பி பற்றித்தான். மாதம் 202.90 டாலர், கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 4,869 டாலருக்குச் சற்று மேல். வருமானம் அதிகமென்றால் ஐர்மா என்ற கூடுதல் கட்டணமும் சேரும். அதற்கு இரண்டு ஆண்டு முந்தைய வரிக்கணக்கைப் பார்ப்பார்கள். வீட்டை விற்ற ஆண்டின் லாபம் இரண்டு ஆண்டு கழித்துப் பிரீமியத்தில் தலைகாட்டுவது இதனால்தான்.

பார்ட் பி-யை விட்டுவிட்டுப் பிறகு சேர்ந்தால் அபராதம் எவ்வளவு?

சேராமல் இருந்த ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் 10 விழுக்காடு. வாழ்நாள் முழுக்க. ஐந்து ஆண்டு விட்டால் 50 விழுக்காடு, அதாவது இன்றைய கட்டணத்தில் மாதம் சுமார் 101 டாலர் கூடுதல். இந்தியாவில் ஓய்வாக இருந்தேன் என்பது விலக்குக்குக் காரணமாகாது.

கேட்கப் பயமாக இருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவ்வளவு மோசமில்லை. ஐந்து ஆண்டில் கட்டாமல் மிச்சம் பிடித்தது 12,174 டாலர். அபராதம் ஆண்டுக்குச் சுமார் 1,217 டாலர். மிச்சம் பிடித்ததை அபராதம் தின்று தீர்க்கப் பத்து ஆண்டு ஆகும். எத்தனை ஆண்டு விட்டாலும் இதே பத்துதான் வரும். ஆண்டுதோறும் பிரீமியம் ஏறுவதால் நடைமுறையில் கொஞ்சம் குறையும்.

உண்மையான ஆபத்து இடைவெளியில் இருக்கிறது. விட்டவர் மறுபடி சேர ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரைதான் விண்ணப்பிக்க முடியும். விண்ணப்பித்த அடுத்த மாதம் காப்பு தொடங்கும். ஏப்ரலில் புற்றுநோய் என்று தெரிந்து அமெரிக்காவுக்குத் திரும்பினால், அடுத்த ஜனவரியில் விண்ணப்பித்துப் பிப்ரவரி 1ஆம் தேதிதான் பார்ட் பி கிடைக்கும். நடுவில் பத்து மாதம். சர்ஜன் கட்டணம், வெளிநோயாளியாகப் போடும் கீமோ, ஸ்கேன் எல்லாம் பார்ட் பி-யில் வருபவை. அபராதத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் பத்து மாதத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

யார் வைத்துக்கொள்ள வேண்டும், யார் விடலாம்?

பிள்ளைகள் அமெரிக்காவில் இருந்து, ஆண்டுக்கு ஒரு முறையாவது போய் ஒன்றிரண்டு மாதம் தங்குபவர் வைத்துக்கொள்வதே நல்லது. போகிற போக்கில் பார்ட் பி தரும் ஆண்டு வெல்னஸ் விசிட்டையும் அங்கே முடித்துக்கொள்ளலாம். இதய நோய், புற்றுநோய் வந்து போனவர்களும், இந்தியாவில் பாலிசி கிடைக்காதவர்களும் கட்டாயம் வைத்திருக்க வேண்டும்.

கிரீன் கார்டை ஒப்படைத்துவிட்டு வருபவர் விட்டுவிடலாம். திரும்பிப் போய்த் தங்க உரிமை இல்லாதபோது பார்ட் பி கட்டிப் பயனில்லை. கார்டை வைத்துக்கொண்டே இங்கே ஆண்டுக்கணக்கில் இருப்பவருக்கு முதலில் கார்டே நிலைக்குமா என்பதுதான் கேள்வி. ஓராண்டுக்கு மேல் தங்குவதாக இருந்தால் கிளம்பும் முன்பே ஐ-131 படிவத்தில் ரீஎன்ட்ரி பெர்மிட் (திரும்பி நுழையும் அனுமதி) வாங்க வேண்டும்.

"மூன்று ஆண்டு பார்க்கிறோம், ஊர் ஒத்துவராவிட்டால் திரும்பிவிடுவோம்" என்பவர்கள் அந்த மூன்று ஆண்டும் கட்டுங்கள். அதன் பிறகு முடிவெடுக்கலாம். ரத்து செய்யும் படிவம் சிஎம்எஸ்-1763. இந்தியாவில் இருப்போரின் சோஷியல் செக்யூரிட்டி (அமெரிக்க அரசு ஓய்வூதியம்) வேலைகளை மணிலாவிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தின் ஃபெடரல் பெனிபிட்ஸ் யூனிட் கவனிக்கிறது.

கேட்காமலே பார்ட் பி ரத்தாகிவிட்டது என்கிறார்களே, எப்படி?

வெளிநாட்டில் சோஷியல் செக்யூரிட்டி பென்ஷன் வாங்குவோர் உயிரோடு இருக்கிறார்களா என்று பார்க்க எஸ்எஸ்ஏ-7162 என்ற கேள்விப் படிவம் தபாலில் வரும். பழைய முகவரிக்குப் போய்விடும், அல்லது குப்பைத் தபால் என்று வீட்டில் தூக்கிப் போட்டுவிடுவார்கள். பதில் போகாவிட்டால் பென்ஷன் நிற்கும். பென்ஷன் நின்றால் அதிலிருந்து பிடித்துக்கொண்டிருந்த பார்ட் பி பிரீமியத்துக்குத் தனி பில் வரும். அதுவும் அதே பழைய முகவரிக்கு. கட்டாமல் போனால் ரத்து. குடிபெயர்ந்தவுடன் முகவரி மாற்றம் தெரிவிப்பதும், அமெரிக்க வங்கிக் கணக்கை மூடாமல் வைத்திருப்பதும் இதற்கு மருந்து.

பார்ட் டி, மெடிகேப்?

மருந்துச் செலவுக்கான பார்ட் டி-யை விட்டுவிடலாம். வெளிநாட்டில் வசிப்பவர் அதில் சேரவே முடியாது என்பதால் அந்தக் காலத்துக்கு அபராதமும் இல்லை. திரும்பிய பிறகு சேர இரண்டு மாத அவகாசம் உண்டு.

மெடிகேப் அப்படியல்ல. 65 வயதுக்கு மேல் பார்ட் பி தொடங்கிய முதல் ஆறு மாதம்தான் உடல்நிலை பற்றிக் கேட்காமல் கொடுப்பார்கள். அதை விட்டுவிட்டுப் பிறகு கேட்டால், நியூயார்க், கனெக்டிகட் போன்ற சில மாநிலங்கள் தவிர மற்ற இடங்களில் நோய் வரலாறு பார்த்து மறுக்கலாம். பார்ட் பி-யை வைத்துக்கொண்டு மெடிகேப்பை மட்டும் கைவிடுவதற்கு முன் இதை யோசியுங்கள்.

இன்னும் 65 ஆகவில்லை. 58லேயே வருகிறேன்.

அமெரிக்க அரசின் காப்பீட்டுச் சந்தையில் தனிநபர் வாங்கும் மார்க்கெட்பிளேஸ் காப்பீடு அங்கே வசிப்பவர்களுக்கு மட்டும். நிரந்தரமாகத் திரும்பிப் போனால் 60 நாளுக்குள் சேரலாம். 65 வரை முழுக்க இந்தியப் பாலிசிதான்.

இந்தியப் பாலிசியை எப்போது எடுக்க வேண்டும்?

திரும்புவதற்கு மூன்று ஆண்டு முன்பு. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரியை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

காரணம் காத்திருப்புக் காலம். சுகர், பிரஷர், இதய நோய் என்று ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024இல் கொண்டுவந்த விதிப்படி, அதிகபட்சம் 36 மாதம் காத்திருக்க வைக்கலாம். கண்புரை, மூட்டு மாற்று, ஹெர்னியா போன்ற குறிப்பிட்ட சிகிச்சைகளுக்குப் பெரும்பாலும் 24 மாதம். இந்தக் கடிகாரம் பாலிசி எடுத்த நாளில் ஓடத் தொடங்கும். நீங்கள் நியூஜெர்சியில் இருந்தாலும் ஓடும். 62இல் எடுத்துவிட்டு 65இல் வந்து இறங்கினால் முதல் நாளிலிருந்தே முழுக் காப்பு. 65இல் வந்து எடுத்தால் 68 வரை சுகரும் அதனால் வரும் சிக்கல்களும் உங்கள் கைக்காசு.

அதே விதிகளில் இன்னொன்று: தொடர்ந்து 60 மாதம் புதுப்பித்த பாலிசியில், மோசடி என்று நிரூபித்தால் தவிர, "நோயை மறைத்தீர்கள்" என்று சொல்லிக் கிளெய்மை மறுக்க முடியாது. இதுவும் எடுத்த நாளிலிருந்து எண்ணப்படுவது.

வெளிநாட்டிலிருந்தே எடுக்க முடியுமா? நான் அமெரிக்கக் குடிமகன்.

என்ஆர்ஐ-க்கும் ஓசிஐ-க்கும் பெரும்பாலான கம்பெனிகள் தருகின்றன. சிகிச்சை இந்தியாவில் நடக்க வேண்டும், பணம் ரூபாயில் வரும். பான் அட்டை, ஓசிஐ அட்டை, இந்திய முகவரி, இந்திய வங்கிக் கணக்கு, இந்திய மொபைல் எண் கேட்பார்கள். மருத்துவப் பரிசோதனை கேட்டால் அடுத்த முறை ஊருக்கு வரும்போது செய்துகொள்ளலாம் என்று நேரம் கேளுங்கள். இப்போது எங்கே வசிக்கிறீர்கள் என்பதை விண்ணப்பத்தில் உள்ளபடியே எழுதுங்கள். "சென்னை முகவரியே போடுங்கள் சார், ஒன்றும் ஆகாது" என்று சொல்லும் ஏஜென்ட் கிளெய்ம் நேரத்தில் பக்கத்தில் இருக்க மாட்டார்.

நோய் விவரமும் அப்படியே. பத்து ஆண்டு முன்பு ஸ்டென்ட் வைத்தது, ஸ்லீப் ஆப்னியா, தைராய்டு மாத்திரை எல்லாவற்றையும் எழுதுங்கள். டாக்டர் டிஸ்சார்ஜ் சம்மரியில் "12 ஆண்டுகளாகச் சுகர்" என்று ஒரு வரி எழுதினாலே போதும், காப்பீட்டுக் கம்பெனி உங்கள் விண்ணப்பத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கும்.

எடுத்த பாலிசி எப்படிக் கெடும் என்றால், புதுப்பிக்காமல் போவதால்தான் பெரும்பாலும். இந்திய மொபைல் எண் ரீசார்ஜ் இல்லாமல் முடங்கும், நினைவூட்டல் வராது. அல்லது ஊர் திரும்பி என்ஆர்இ, என்ஆர்ஓ (வெளிநாடு வாழ் இந்தியருக்கான) கணக்குகளை உள்ளூர்க் கணக்காக மாற்றும்போது, சில வங்கிகளில் கணக்கு எண்ணே மாறி, பிரீமியத்துக்குக் கொடுத்திருந்த ஆட்டோ டெபிட் திரும்பிவிடும். ஆண்டுக் கட்டணத்துக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு. அதையும் தாண்டினால் காத்திருந்த மூன்று ஆண்டும் போச்சு, மறுபடி முதலிலிருந்து. கணக்கை மாற்றும் ஆண்டில் பிரீமியத்தைக் கையால் கட்டிவிடுங்கள்.

எவ்வளவு தொகைக்கு எடுப்பது? பாலிசியில் எதைப் பார்ப்பது?

தொகையைவிட ரூம் ரென்ட் வரம்பையும் கோ-பே (ஒவ்வொரு கிளெய்மிலும் நாம் ஏற்க வேண்டிய பங்கு) விழுக்காட்டையும் முதலில் பாருங்கள். முதியோர் பாலிசிகளில் காசு ஓட்டையாகப் போவது இந்த இரண்டில்தான்.

ஒரு மூட்டு மாற்று ஆபரேஷன் என்று வைத்துக்கொள்வோம். மொத்த பில் 4 லட்சம். பாலிசி அறை வாடகை நாளுக்கு 5,000 வரை. நீங்கள் இருந்தது 10,000 ரூபாய் அறையில், ஐந்து நாள். அறைக்கு வந்த 50,000இல் 25,000 தருவார்கள் என்பது எல்லோருக்கும் புரியும். ஆனால் அதே விகிதத்தில் சர்ஜன், மயக்க மருந்து, ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் கட்டணங்களையும் வெட்டுவார்கள்: 1,50,000 என்றால் 75,000தான். மருந்து, இம்ப்ளான்ட், பரிசோதனை ஆகியவற்றை இப்படி வெட்டக் கூடாது என்பது விதி. அந்த 2,00,000 முழுதாக வரும். ஆக 3,00,000. பாலிசியில் 20 விழுக்காடு கோ-பே இருந்தால் அதிலும் 60,000 போய் 2,40,000. உங்கள் பங்கு 1,60,000. காப்பீட்டுத் தொகை 5 லட்சமா 25 லட்சமா என்பதற்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தமே இல்லை. இதற்கு மேல் கையுறை, முகக்கவசம் போன்றவற்றுக்கென்று ஒரு தொகையைப் பில்லில் தர மறுத்துக் கழித்துவிடுவார்கள். அதற்குத் தனி ஆட்-ஆன் இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம்.

ரூம் ரென்ட் வரம்பில்லாத, அல்லது "சிங்கிள் பிரைவேட் ரூம்" என்று எழுதியுள்ள பாலிசி கிடைத்தால் பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் அதுவே மேல்.

தொகைக்கு வந்தால், 10 லட்சம் அடிப்படைப் பாலிசியும், அதற்கு மேல் 10 லட்சம் கழிவுத் தொகை (அதைத் தாண்டிய செலவை மட்டும் தரும் வரம்பு) வைத்த சூப்பர் டாப்-அப்பும் சேர்ந்தால் பெரிய செலவுக்கும் தாங்கும். ஒரே பெரிய பாலிசியைவிடப் பொதுவாக மலிவு. சூப்பர் டாப்-அப் என்றே கேட்டு வாங்குங்கள். வெறும் டாப்-அப் ஒவ்வொரு கிளெய்மையும் தனித்தனியாகப் பார்க்கும்: ஆண்டில் இரு முறை 7 லட்சம் செலவானால் இரண்டுமே 10 லட்சத்தைத் தாண்டவில்லை என்று கைவிரித்துவிடும். சூப்பர் டாப்-அப் ஆண்டின் மொத்தம் 14 லட்சத்தைப் பார்த்து மேலுள்ள 4 லட்சத்தைக் கொடுக்கும்.

வயதாக ஆகப் பிரீமியம் எங்கே போய் நிற்கும்?

ஏறத்தான் செய்யும். மூத்த குடிமக்களுக்கு ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றுவதானால் ஐஆர்டிஏஐ-யைக் கலந்தாக வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி இல்லை. பிடிக்காவிட்டால் வேறு கம்பெனிக்கு மாறலாம். புதுப்பிக்கும் தேதிக்குக் குறைந்தது 45 நாள் முன்பு விண்ணப்பியுங்கள். காத்திருந்த காலம் பழைய தொகை அளவுக்குக் கூடவே வரும். புதுக் கம்பெனி மறுக்கவும் உரிமை உண்டு என்பதால், அவர்கள் ஏற்றுக்கொள்ளும் வரை பழையதை விட்டுவிடாதீர்கள்.

69 வயது, பைபாஸ் ஆனவர். யாரும் பாலிசி தர மாட்டார்களா?

2024 ஏப்ரலிலிருந்து வயதைக் காட்டி வாசலை மூடும் வழக்கம் இல்லை. ஆனால் நோயைப் பார்த்து மறுக்கலாம், பிரீமியத்தை ஏற்றலாம். மூன்று கம்பெனிகள் மறுத்தால் நாலாவதில் இதய நோயாளிகளுக்கென்றே உள்ள பாலிசியைக் கேளுங்கள். கோ-பே அதிகமாக இருக்கும், இருந்தாலும் எடுங்கள். விபத்தும் டெங்குவும் இதயத்தைப் பார்த்து வருவதில்லை. கூடவே பார்ட் பி-யை வைத்திருங்கள். மருத்துவத்துக்கென்றே ஒரு வைப்பு நிதியைப் போட்டு, அதைப் பேரன் படிப்புக்கு எடுக்காமல் இருங்கள்.

சர்வதேசப் பாலிசி எடுப்பது நல்லதா?

அமெரிக்காவையும் சேர்த்து எடுத்தால் விலை பல மடங்கு. அமெரிக்காவைத் தவிர்த்து எடுத்தால், இந்தியாவில் மட்டும் வாழ்பவருக்கு இந்தியப் பாலிசி தருவதைவிடப் பெரிதாக எதுவும் மிஞ்சாது. ஆண்டில் பாதியைத் துபாயிலோ லண்டனிலோ பிள்ளைகளோடு கழிப்பவருக்குத்தான் பொருந்தும்.

அரசுத் திட்டங்கள்?

தமிழ்நாடு முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 70 வயது நிரம்பியோருக்கு வருமானம் பார்க்காமல் 5 லட்சம் தரும் ஆயுஷ்மான் வய வந்தனா, இந்தியக் குடிமக்களுக்கு. ஓசிஐ-க்கு இரண்டும் கணக்கில் இல்லை. அரசு மருத்துவமனைகளை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. சென்னை கிண்டியில் 2024இல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை முதியோருக்கென்றே கட்டப்பட்டது.

ஆஸ்பத்திரியில் சேரும்போது என்ன நடக்கும்?

கேஷ்லெஸ் என்றாலும் சேரும்போதே அட்வான்ஸ் கேட்பார்கள். இரவு பதினோரு மணிக்கு, அமெரிக்க கிரெடிட் கார்டு "சந்தேகப் பரிவர்த்தனை" என்று மறுக்கும்போதுதான் பலருக்கு இது உறைக்கும். மருத்துவமனைக் கட்டணத்துக்கு யுபிஐ வரம்பு 5 லட்சம். உங்கள் வங்கியும் அந்த வரம்பைத் திறந்திருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இருவர் பெயரிலும் உள்ள சேமிப்புக் கணக்கில் அந்த அளவாவது கையிருப்பு இருக்கட்டும்.

இன்சூரன்ஸ் டெஸ்க்கில் பாலிசி அட்டையும் அடையாள அட்டையும் கொடுத்து முன்அனுமதிப் படிவத்தை நிரப்ப வேண்டும். கம்பெனி ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்; டிஸ்சார்ஜின்போது இறுதி ஒப்புதல் மூன்று மணி நேரத்துக்குள். அதற்கு மேல் தாமதமாகி ஆஸ்பத்திரி கூடுதல் வாடகை போட்டால் அதைக் கம்பெனிதான் ஏற்க வேண்டும். அவசரமாகச் சேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள், திட்டமிட்ட ஆபரேஷன் என்றால் 48 மணி நேரம் முன்பு தெரிவிப்பது வழக்கம். பெயர் பதியும்போது அமெரிக்க பாஸ்போர்ட்டை நீட்டினால் சில தனியார் மருத்துவமனைகளில் வெளிநாட்டு நோயாளி கட்டணப் பட்டியலுக்குப் போய்விடுவீர்கள். உள்ளூர் முகவரியையும் இந்தியப் பாலிசியையும் காட்டி உள்ளூர் நோயாளியாகவே பதிவு செய்யச் சொல்லுங்கள்.

அங்கிருந்து எந்த மருத்துவ ஆவணங்களைக் கொண்டுவர வேண்டும்?

நோயாளி போர்ட்டலில் இருப்பதை நம்பாதீர்கள். டாக்டரை மாற்றியதும் அணுகல் போகலாம். கடைசி ஐந்தாண்டு ரத்தப் பரிசோதனைகள், ஆபரேஷன் குறிப்புகள், பயாப்சி அறிக்கை, ஸ்டென்ட் அல்லது பேஸ்மேக்கர் அட்டை. ஸ்கேன்களுக்கு அறிக்கை மட்டும் போதாது, டைகாம் (ஸ்கேன் படங்களுக்கான கணினிக் கோப்பு) வடிவில் படங்களையும் கேளுங்கள். கேட்ட 30 நாளுக்குள் தர அவர்களுக்குச் சட்டக் கடமை உண்டு; ஆகவே கிளம்ப இரண்டு மாதம் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

அங்கிருந்து கிளம்பும் முன் தடுப்பூசிகளையும் முடித்துக்கொள்ளலாம். அக்கித் தடுப்பூசியான ஷிங்ரிக்ஸ் இரண்டு தவணை, இரண்டு முதல் ஆறு மாத இடைவெளி. பார்ட் டி இருந்தால் அமெரிக்காவில் இலவசம், இங்கே கைக்காசு.

அதே மாத்திரைகள் இங்கே கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்கும், மலிவாகவே. பிராண்ட் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள், மூலப்பெயரைச் சொல்லுங்கள். மூலப்பெயரும் சில மாறும்: அங்கே அசிட்டமினோஃபென், இங்கே பாரசிட்டமால், அங்கே ஆல்பியூட்டரால், இங்கே சால்பியூட்டமால். மூன்று மாத மாத்திரை கையோடு கொண்டுவந்தால் அவசரமில்லாமல் இங்குள்ள டாக்டரைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டு இடங்களில் மட்டும் நிஜமான ஆபத்து உண்டு.

முதலாவது இன்சுலின். அமெரிக்காவில் பெரும்பாலும் யூ-100தான், அதாவது ஒரு மில்லியில் 100 யூனிட். இங்கே பேனாக்களும் கார்ட்ரிட்ஜ்களும் பெரும்பாலும் யூ-100. ஆனால் மெடிக்கல் ஷாப்பில் விற்கும் பல குப்பிகள் யூ-40. சிரிஞ்சும் இரண்டு வகை: சிவப்பு மூடி யூ-40, ஆரஞ்சு மூடி யூ-100. அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த குப்பியில் சிவப்பு மூடி சிரிஞ்சால் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். ராத்திரி தூக்கத்திலேயே சுகர் விழுந்துவிடும். மாற்றி, யூ-40 குப்பியில் ஆரஞ்சு சிரிஞ்சால் இழுத்தால் 20க்குப் பதில் 8தான் போகும். குழப்பமே வேண்டாமென்றால் பேனாவுக்கு மாறிவிடுங்கள்.

இரண்டாவது ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை. அங்கே வார்ஃபரின் போட்டவருக்கு இங்கே அசெனோகூமரால் எழுதித் தருவது சகஜம். இரண்டும் ஒரே வேலை செய்தாலும் மில்லிகிராமுக்கு மில்லிகிராம் சமமல்ல. ஐஎன்ஆர் என்ற ரத்தம் உறைதல் பரிசோதனையைப் பார்த்து அளவை நிர்ணயிக்க வேண்டும். கடைக்காரர் "அதுக்குப் பதிலா இது" என்று கொடுத்தால் வாங்காதீர்கள்.

கருவிகளில், ஸ்லீப் ஆப்னியாவுக்கான சிபேப் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். அடாப்டரின் அடியில் எழுதியிருக்கும். 120 வோல்ட் நெபுலைசரை இங்குள்ள 230 வோல்ட்டில் செருகினால் புகைந்துவிடும். ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டரைக் கொண்டுவரவே வேண்டாம்: டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்கும், 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது, மோட்டார் மெதுவாகச் சுழலும், அளவு குறையும்.

பேரப்பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும்போது?

பார்ட் ஏ, பி இருந்தால் கவலையில்லை. இல்லாதவர் பயணக் காப்பீடு எடுக்க வேண்டும். சுற்றுலா விசாக்காரர்களுக்கான பல பாலிசிகள் அமெரிக்கக் குடிமக்களை ஏற்பதில்லை என்பதால் வாங்கும் முன் தகுதிப் பகுதியைப் படியுங்கள். ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று அட்டவணை போட்ட மலிவுப் பாலிசி அங்குள்ள பில்லுக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி.

பிரிட்டன், சிங்கப்பூர், கனடா, வளைகுடாவிலிருந்து வருவோருக்கு?

பிரிட்டனில் என்எச்எஸ் (அரசு மருத்துவச் சேவை) உரிமை வசிப்பதை வைத்து வருவது. பாஸ்போர்ட்டையோ கட்டிய வரியையோ வைத்து அல்ல. நிரந்தரமாகக் கிளம்பினால் இலவச ஆஸ்பத்திரிச் சிகிச்சை போகும், குடியேறத் திரும்பினால் மறுபடி வரும். அபராதம் கிடையாது. அரசு ஓய்வூதியம் இந்தியாவில் வசிப்போருக்கு ஏறாமல் அப்படியே உறைந்து நிற்கும் என்பதை மருத்துவ பட்ஜெட்டில் கணக்கிடுங்கள். ரத்தச் சர்க்கரை அறிக்கை மில்லிமோலில் இருக்கும். 18ஆல் பெருக்கினால் இங்குள்ள அளவு.

சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு மெடிஷீல்டு லைஃப் என்ற அரசுக் காப்பீடு தொடரும், பிரீமியமும் தொடரும். ஆனால் இந்தியச் சிகிச்சைக்கு அதுவும் உதவாது, மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பும் உதவாது. பிஆர்-ஐ (நிரந்தர வசிப்புரிமை) வைத்திருப்பவர் அதைக் கைவிட்டால் காப்பு முடிந்தது.

கனடாவின் ஒன்டாரியோவில் 12 மாதத்தில் 153 நாளாவது அங்கே இருந்தால்தான் ஓஹிப் என்ற மாகாண மருத்துவக் காப்பீடு நிலைக்கும்.

வளைகுடாவில் விசா முடிகிற அன்று காப்பீடும் முடியும். திரும்பிப் போய்ச் சேரவும் எதுவுமில்லை. மூன்று ஆண்டு முன்பே இந்தியப் பாலிசி என்பது மற்றவர்களுக்கு நல்ல யோசனை. இவர்களுக்கு வேறு வழியே இல்லை.

வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் காப்பீடு தருமா?

பொதுவாகத் தராது. ஹோம் நர்ஸ், அட்டெண்டர், பிசியோ எல்லாம் பெரும்பாலும் கைக்காசு. அமெரிக்காவில் லாங் டேர்ம் கேர் (நீண்டகாலப் பராமரிப்பு) பாலிசி வைத்திருப்பவர்கள் அதில் வெளிநாட்டுப் பயன் என்ற பிரிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தாலும் பலவற்றில் குறைந்த காலத்துக்கு மட்டும்.

கிளெய்மை மறுத்துவிட்டார்கள். என்ன செய்வது?

மறுப்பை எழுத்தில், எந்த விதிப்படி என்ற குறிப்போடு வாங்குங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். ஐஆர்டிஏஐ-யின் பீமா பரோசா புகார் தளத்திலும் பதியலாம். 30 நாளில் பதில் இல்லை, அல்லது திருப்தி இல்லை என்றால் ஓராண்டுக்குள் காப்பீட்டு ஆம்புட்ஸ்மனிடம் (காப்பீட்டுப் புகார்களைத் தீர்க்கும் அதிகாரி) போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரையிலான வழக்குகளை எடுப்பார்கள். "விண்ணப்பத்தில் சொல்லாத நோய்" என்று மறுத்திருந்தால் பாலிசி 60 மாதம் தாண்டியதா என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள்.

அமெரிக்காவில் எழுதிய லிவிங் வில் இங்கே போதுமா?

போதாது. லிவிங் வில் என்பது பேச முடியாத நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்று முன்பே எழுதி வைப்பது. 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்று, 2023 ஜனவரியில் எளிமையாக்கிய முறைப்படி இங்கே தனியாக எழுதுங்கள்: இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்து, நோட்டரி அல்லது கெசடட் அதிகாரியின் சான்று, உங்களால் பேச முடியாதபோது முடிவு சொல்ல ஒன்றுக்கு மேற்பட்ட நெருங்கிய உறவினர் பெயர். பிள்ளைகள் இருவரும் அமெரிக்காவில் என்றால் உள்ளூரில் உள்ள தம்பி, அண்ணன் மகள் என்று யாரையாவது சேர்த்தே எழுதுங்கள். வென்டிலேட்டர் பற்றி டாக்டர் கேட்கும் நேரத்தில் கலிபோர்னியாவில் போன் சைலென்ட்டில் இருக்கலாம். ஒரு பிரதியைக் குடும்ப டாக்டரிடமும், இன்னொன்றைப் பாலிசி அட்டையோடும் வையுங்கள்.